முதலில் ஜாரைத் திறந்து பாருங்கள்

ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷன் ஒன்று எழும்போதே விழுந்தால், லாக்கின் கடைசியில் பளிச்சென்று ஒரு செய்தி நிற்கும். இந்த கன்ஸ்ட்ரக்டருக்கு இந்த வகையில் ஒரு பீன் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை என்பது அதன் முதல் பாதி. அதோடு எனக்குச் சண்டை இல்லை. 'ஆக்‌ஷன்' என்ற தலைப்பின் கீழ் வரும் இரண்டாம் பாதிதான் வம்பு. அந்த வகையில் ஒரு பீனை உங்கள் கான்ஃபிகரேஷனில் எழுதிப் பாருங்களேன் என்று அது யோசனை சொல்லும். ஒரே மாட்யூலில் அடங்கிய சின்ன புராஜெக்டுக்கு நல்ல யோசனைதான். கோர், பெர்சிஸ்டன்ஸ், வெப், பேட்ச் என்று பிரிந்து கிடக்கும் புராஜெக்டில் பெரும்பாலும் கெடுக்கும் யோசனை. அங்கே அந்த பீனை யாராவது ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். பக்கத்து மாட்யூலில், சரியான அனோட்டேஷனோடு, டெஸ்ட் எல்லாம் பாஸாகி, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். கன்டெய்னர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்காது, அவ்வளவுதான். பாத்திரம் பரணில் இருக்கிறது, தேடுகிறவர் அடுக்களையை மட்டும் தேடிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்கிறார்.

கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றின் அப்ளிகேஷனைப் பராமரிப்புக்கு எடுத்தபோது, அந்த யோசனைக்கு யாரோ அப்படியே கீழ்ப்படிந்திருந்த தடம் கிடைத்தது. வட்டி கணக்கிடும் கிளாஸ் கோர் மாட்யூலில் இருந்தது. வெப் மாட்யூலில் அது கிடைக்கவில்லை என்று செய்தி வந்திருக்கிறது. உடனே அங்கே ஒரு கான்ஃபிகரேஷன் கிளாஸில் 'நியூ' போட்டு, வேறொரு பெயரில் பீன் மெத்தட் எழுதியிருக்கிறார்கள். சில மாதம் கழித்து வேறு காரணத்துக்காக இன்னொருவர் ஸ்கேன் எல்லையை அகலப்படுத்தியதும் கோரில் இருந்த அசலும் உள்ளே வந்துவிட்டது. இப்போது செய்தி வேறு: ஒன்றுதான் கேட்டேன், இரண்டு கிடைத்திருக்கின்றன. அதற்கு மருந்தாக, கையில் கிடைத்த பீன் மேல் 'பிரைமரி' என்று ஒட்டிவிட்டார்கள். ஒட்டியது 'நியூ' போட்டுச் செய்த நகலின் மேல். அது எந்தச் செட்டிங்கும் இல்லாத கன்ஸ்ட்ரக்டரில் பிறந்தது. பைசாவை முழுமையாக்கும் முறையில் அசலோடு ஒத்துப்போகவில்லை. திரையில் தெரியும் வட்டியும் இரவு பேட்ச் போடும் வட்டியும் சில்லறையில் வேறுபட்டன. புகார் வந்தது கணக்குப் பிரிவிலிருந்து. அது டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் சம்பந்தப்பட்ட விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாட்யூல்கள் பிரிந்தால் இந்தத் தொல்லை ஏன் கூடுகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரைதான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரை நிலைக்கச் செய்தது, ஸ்பிரிங் 1.0 வந்ததும் அதே ஆண்டுதான். அன்றைக்கு எந்த பீன் எங்கிருந்து வருகிறது என்பது எக்ஸ்எம்எல் கோப்பில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். படிக்க அலுப்பாக இருக்கும், ஆனால் இல்லாதது இல்லை என்று கண்ணுக்குத் தெரியும். 2007-இல் ஸ்பிரிங் 2.5 காம்பொனென்ட் ஸ்கேனைக் கொண்டுவந்தது. அதோடு எழுதி வைத்த பட்டியல் போய், பேக்கேஜின் பெயரே பட்டியலாகிவிட்டது. கிளாஸ் எந்த பேக்கேஜில் இருக்கிறது என்பது அதுவரை ஒழுங்குக்கான விஷயம். இப்போது அப்ளிகேஷன் எழுமா விழுமா என்பதையே அது முடிவு செய்கிறது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். மேவன் கோப்பில் கோர் மாட்யூலை டிபென்டன்சியாகச் சேர்த்தால் கம்பைலருக்கு அந்த கிளாஸ் தெரியும். ஐடிஇ சிவப்புக் கோடு போடாது. கன்டெய்னருக்கு அதனால் ஒரு சேதியும் போவதில்லை. கம்பைலர் பார்ப்பது கிளாஸ் இருக்கிறதா என்று. கன்டெய்னர் பார்ப்பது அந்த கிளாஸிலிருந்து ஒரு ஆப்ஜெக்ட் செய்யும்படி தன்னிடம் யாராவது சொன்னார்களா என்று. இடையில் நிற்பது பேக்கேஜிங். மாட்யூல் தாண்டிய இன்ஜெக்‌ஷன் கோளாறுகளில் பெரும்பங்கு பில்ட், பேக்கேஜிங் கோளாறுகளே என்பது என் கட்சி. அனோட்டேஷனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் அவை தீருவதில்லை.

அதனால் செய்தி வந்ததும் நான் முதலில் போவது சர்வரில் ஓடும் ஜாருக்கு. சோர்ஸ் கோடுக்கு அப்புறம்தான். இந்தப் பேச்சு எங்கள் டீமில் அடிக்கடி நடக்கும்:

"அண்ணா, என் மெஷின்ல நல்லா ஓடுது. சர்வர்லதான் பீன் இல்லைங்குது."

"ஜாரைத் திறந்து பாத்தியா?"

"கோட் மெர்ஜ் ஆயிடுச்சுண்ணா."

"கோடு இருக்கட்டும்பா. ஜார்ல இருக்கா?"

ஸ்பிரிங் பூட் செய்யும் பெரிய ஜாரில் நம் மாட்யூல்கள் 'பூட்-இன்ஃப்' அடியில் 'லிப்' என்ற ஃபோல்டருக்குள் தனித்தனி ஜாராக இருக்கும். 'ஜார் டிஎஃப்' கமாண்டில் அந்தப் பட்டியலைப் பார்த்து, சம்பந்தப்பட்ட மாட்யூலின் ஜாரை வெளியே எடுத்து, அதையும் ஒருமுறை அதே கமாண்டில் பார்த்தால் போதும். நான் பார்த்த பல கேஸில் கிளாஸ் அங்கே இல்லவே இல்லை. இருந்தது பழைய பதிப்பு.

மேவன் 3-இல் இது நடக்கும் விதம் தெரிந்துகொள்ள வேண்டியது. நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று '-பிஎல்' போட்டு வெப் மாட்யூலை மட்டும் பில்ட் செய்கிறோம். அந்த ஓட்டத்தில் கோர் மாட்யூல் சேரவில்லை. அதனால் மேவன் கோரின் ஜாரை நம் மெஷினில் இருக்கும் '.எம்2' ரெப்பாசிட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடைசியாக எப்போது 'இன்ஸ்டால்' செய்தோமோ அந்தக் கோர்தான் வரும். நாம் காலையில் சேர்த்த கிளாஸ் அதில் இருக்காது. கம்பைல் ஆகும்போதே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். இன்டர்ஃபேஸ் பழையது, அதை இம்ப்ளிமென்ட் செய்யும் கிளாஸ் மட்டும் புதியது என்றால் தெரியாது. வெப் மாட்யூல் இன்டர்ஃபேஸைத்தான் பார்க்கிறது, அது பழைய ஜாரிலும் இருக்கிறது. கம்பைல் சுத்தமாக முடியும், ரன்னில் பீன் இல்லை என்று விழும். ஐடிஇ-யோ மாட்யூல்களின் டார்கெட் ஃபோல்டரிலிருந்தே நேராக ஓட்டுகிறது, ஆகவே அங்கே எல்லாம் புதுசு. லோக்கலில் ஓடுது, சர்வரில் ஓடலை என்ற புலம்பலுக்கு இதைவிட அடிக்கடி வரும் காரணத்தை நான் பார்த்ததில்லை. '-பிஎல்' போட்டால் கூடவே '-ஏஎம்' போடுங்கள். தேவைப்படும் மற்ற மாட்யூல்களையும் அது சேர்த்துக் கட்டும்.

இதற்கு நேர் எதிர்க் கோளாறும் உண்டு. லைப்ரரியாக மட்டும் இருக்க வேண்டிய மாட்யூலிலும் ஸ்பிரிங் பூட் மேவன் ப்ளகினின் 'ரீபேக்கேஜ்' ஓடிவிடும். பேரன்ட் கோப்பில் அந்த ப்ளகினை எல்லா மாட்யூலுக்கும் பொதுவாக எழுதிவிடுவதன் விளைவு. அப்போது கோரின் கிளாஸ்கள் ஜாரின் வேரில் இருக்காமல் 'பூட்-இன்ஃப்' அடியில் 'கிளாசஸ்' ஃபோல்டருக்குள் போய்விடும். அந்த ஜாரை நம்பியிருக்கும் மற்ற மாட்யூலுக்கு, பேக்கேஜே இல்லை என்று கம்பைல் எரர் வரும். ஜாரைத் திறந்தால் கிளாஸ் இருப்பது போலத்தான் தெரியும், இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். லைப்ரரி மாட்யூலில் ரீபேக்கேஜை 'ஸ்கிப்' செய்வதுதான் சரி. ஓடவும் வேண்டும், லைப்ரரியாகவும் வேண்டும் என்றால் 'கிளாசிஃபையர்' கொடுத்து இரண்டு ஜாராகச் செய்யலாம். நான் அதை விரும்புவதில்லை. ஓடும் மாட்யூலை யாரும் லைப்ரரியாக எடுக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

கிளாஸ் ஜாரில் இருக்கிறது, ஆனால் வேறு எந்த ஜாரிலிருந்தோ ஏறுகிறது என்ற சந்தேகம் வந்தால், ஜேவிஎம்-ஐயே கேட்டுவிடலாம். ஜாவா 9 முதல் '-எக்ஸ்லாக்' ஆப்ஷனில் 'கிளாஸ்+லோட்' கொடுத்தால் ஒவ்வொரு கிளாஸும் எங்கிருந்து ஏறியது என்று அச்சடிக்கும். லாக் வெள்ளமாக வரும், கிளாஸ் பெயரைக் கொடுத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரே கிளாஸ்தான் சந்தேகம் என்றால் அதன் புரொடெக்‌ஷன் டொமைனிலிருந்து கோட் சோர்ஸை எடுத்து ஒரு வரியில் லாக் செய்யலாம். டிபென்டன்சி ட்ரீ பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்பு மோதினால் மேவன் மரத்தில் நமக்குக் கிட்ட இருப்பதை எடுக்கும். கிரேடில் வழக்கமாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறிய புராஜெக்டில் திடீரென்று பீன்கள் காணாமல் போனால் அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

ஜார் சரி என்று தெரிந்தபிறகுதான் ஸ்கேன். ஸ்பிரிங் பூட்டின் மெயின் கிளாஸ் எந்த பேக்கேஜில் இருக்கிறதோ, அதுவும் அதன் அடியில் உள்ளவையும் மட்டுமே இயல்பாகத் தேடப்படும். மெயின் கிளாஸ் நிறுவனப் பெயருக்கு அடியில் 'வெப்' பேக்கேஜில் இருக்கிறது, சர்வீஸ் கிளாஸ் அதே நிறுவனப் பெயருக்கு அடியில் 'கோர்' பேக்கேஜில் இருக்கிறது என்றால் இரண்டும் பங்காளிகள். ஒன்றின் அடியில் இன்னொன்று இல்லை, ஆகவே தேடப்படாது. கன்டெய்னர் எங்கெல்லாம் போனது என்று பார்க்க ஸ்பிரிங்கின் 'கான்டெக்ஸ்ட்.அனோட்டேஷன்' பேக்கேஜுக்கு லாக் லெவலை 'டீபக்' ஆக்குங்கள். தகுதியான காம்பொனென்ட் என்று கண்டுகொண்ட ஒவ்வொரு கிளாஸையும் கோப்பின் பாதையோடு எழுதும். உங்கள் கிளாஸ் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் கன்டெய்னர் அதைப் பார்க்கவே இல்லை. பட்டியலில் இருந்தும் பீன் இல்லையென்றால் கதை வேறு.

ஸ்கேன் எட்டாத கிளாஸை உள்ளே கொண்டுவர மூன்று வழி சொல்வார்கள். மெயின் கிளாஸை ஒரு படி மேலே, நிறுவனப் பெயருக்கே நகர்த்துவது ஒன்று. 'ஸ்கேன்பேஸ்பேக்கேஜஸ்' கொடுத்து எல்லையை விரிப்பது இன்னொன்று. மாட்யூலுக்கு ஒரு கான்ஃபிகரேஷன் கிளாஸ் வைத்து, அதை மெயின் மாட்யூலில் 'இம்போர்ட்' செய்வது மூன்றாவது. முதல் இரண்டும் சுலபம், அதனாலேயே எல்லோரும் அங்கே போகிறார்கள். எல்லையை விரித்தால் என்னவெல்லாம் உள்ளே வரும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பு சொன்ன கடன் அப்ளிகேஷனிலேயே, ஸ்கேனை அகலப்படுத்தியபோது பேட்ச் மாட்யூலின் ஷெட்யூலர்களும் வெப் அப்ளிகேஷனுக்குள் ஏறிவிட்டன. வெப் இரண்டு சர்வரில் ஓடியது. தவணை நினைவூட்டும் எஸ்எம்எஸ் ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று மூன்றாகப் போனது. பீன் இல்லை என்ற கோளாறு அப்ளிகேஷன் எழும்போதே கத்திவிடும், அதைச் சமாளிக்கலாம். கூடுதலாக வந்த பீன் சத்தமே போடாது. ஆகவே நான் மூன்றாவது வழிக்காரன். கோர் மாட்யூல் தன் கான்ஃபிகரேஷன் கிளாஸில் தன் பேக்கேஜை மட்டும் ஸ்கேன் செய்யட்டும். வேண்டியவர்கள் பெயர் சொல்லி இம்போர்ட் செய்யட்டும். பழைய எக்ஸ்எம்எல் காலத்துப் பட்டியலின் நல்ல பாதி இதில் திரும்பக் கிடைக்கிறது.

விரிக்கத்தான் வேண்டும் என்றால், மெயின் கிளாஸ் மேல் தனியாக 'காம்பொனென்ட்ஸ்கேன்' அனோட்டேஷனை ஒட்டாதீர்கள். ஸ்பிரிங்பூட்அப்ளிகேஷன் அனோட்டேஷனுக்குள்ளேயே ஒரு ஸ்கேன் இருக்கிறது. டெஸ்ட்டுக்கான கான்ஃபிகரேஷனையும் ஆட்டோ கான்ஃபிகரேஷனையும் விலக்கும் ஃபில்ட்டர்கள் அதோடு இணைந்தவை. நாம் தனியாக ஒன்றை ஒட்டியதும் அது நம்முடையதற்கு வழிவிட்டுவிடும், ஃபில்ட்டர்களும் போய்விடும். பிறகு வெப் அடுக்கை மட்டும் எழுப்பும் டெஸ்ட், டேட்டாபேஸ் வேண்டும் என்று அடம்பிடிக்கும். என்ட்டிட்டிகளுக்கும் ரெப்பாசிட்டரிகளுக்கும் எல்லை தனி என்பதும் பலர் மறக்கும் விஷயம். ஸ்கேனில் பேக்கேஜ் சேர்த்தால் சர்வீஸ் வரும்; ஜேபிஏ என்ட்டிட்டிகளுக்கு 'என்ட்டிட்டிஸ்கேன்', ரெப்பாசிட்டரிகளுக்கு 'எனேபிள்ஜேபிஏரெப்பாசிட்டரீஸ்' என்று தனித்தனியே சொல்ல வேண்டும். அவையும் மாட்யூலின் சொந்தக் கான்ஃபிகரேஷன் கிளாஸில் இருப்பதே அழகு.

அபூர்வமான ஒன்று. பேக்கேஜ் சரி, கிளாஸ் ஜாரில் இருக்கிறது, ஆனாலும் ஸ்கேன் அதைத் தொடவில்லை. ஜார் பழைய ஆன்ட் ஸ்கிரிப்டில் கட்டப்பட்டதா என்று பாருங்கள். ஜார் டாஸ்க்கில் 'ஃபைல்ஸ்ஒன்லி' போட்டிருந்தால் ஃபோல்டர்களுக்கான பதிவுகள் ஜாரில் இருக்காது. ஃபோல்டரே இல்லாத ஜாரில் பேக்கேஜ் ஸ்கேன் நடக்காது. ஸ்பிரிங் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. படித்துவிட்டுக் கடந்துபோகும் வரிதான், ஆனால் பழைய நிதித்துறை லைப்ரரிகளோடு வேலை செய்பவர்களுக்கு உதவும்.

அடுத்த ரகம், பீன் கிடைக்கிறது, ஆனால் சண்டை. இரண்டு மாட்யூலில் ஒரே பெயரில் 'நோட்டிஃபிகேஷன்சர்வீஸ்' என்று இரண்டு கிளாஸ் இருந்தால், பேக்கேஜ் வேறாக இருந்தாலும் ஸ்பிரிங் தரும் பீன் பெயர் ஒன்றுதான். கிளாஸின் சின்னப் பெயரைத்தான் அது எடுக்கிறது. தனித்தனி டீம்கள் எழுதிய மாட்யூல்களை ஒரே அப்ளிகேஷனில் சேர்க்கும் முதல் நாளில் இந்த எரர் வரும். முழுப் பெயரை பீன் பெயராக்கும் ஜெனரேட்டர் ஸ்பிரிங்கிலேயே இருக்கிறது, போட்டுவிடலாம். பீன் மெத்தட்கள் ஒன்றையொன்று மேலெழுதினால் இன்னும் மோசம். ஸ்பிரிங் பூட் 2.1-க்கு முன் கடைசியில் வந்தது சத்தமின்றி ஜெயித்துவிடும். 2.1 முதல் இயல்பாகவே தடுத்துவிட்டார்கள். அந்தத் தடையை ஒரு பிராப்பர்ட்டியில் தளர்த்தலாம் என்று எரர் செய்தியே சொல்லும். தளர்த்தாதீர்கள்.

பதிப்பு உயர்த்தும்போது வந்த ஒரு கேஸைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், காரணம் அத்தனை ஒளிந்திருந்தது. ஒரு மாட்யூலில் ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு பீன்: ஒன்று 'எஸ்எம்எஸ்சென்டர்', மற்றது 'மெயில்சென்டர்'. கன்ஸ்ட்ரக்டரில் குவாலிஃபையர் எதுவும் இல்லை. பாராமீட்டரின் பெயர் 'எஸ்எம்எஸ்சென்டர்' என்று இருந்தது. பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. வகையில் இரண்டு பீன் கிடைத்தால், பாராமீட்டர் பெயரோடு ஒத்துப்போகும் பீனை ஸ்பிரிங் எடுத்துக்கொள்ளும். ஸ்பிரிங் பூட் 3.2-க்கு மாறிய அன்றைக்கு இரண்டு பீன் கிடைத்தன என்று அந்த மாட்யூல் மட்டும் விழுந்தது. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஸ்பிரிங் 6.1 பாராமீட்டர் பெயரை பைட்கோடின் டீபக் தகவலிலிருந்து ஊகிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டது. '-பாராமீட்டர்ஸ்' ஆப்ஷனோடு கம்பைல் செய்திருந்தால்தான் பெயர் தெரியும். ஸ்பிரிங் பூட்டின் பேரன்ட்டை எடுத்துக்கொண்ட மாட்யூல்களுக்கு அந்த ஆப்ஷன் தானாக வந்துவிடும். இந்த மாட்யூலோ நிறுவனத்தின் வேறொரு பேரன்ட்டிலிருந்து கிளைத்தது. அதன் கிளாஸ்களில் பாராமீட்டர் பெயரே பதியவில்லை. கம்பைலருக்கு ஆப்ஷன் சேர்த்தோம், கூடவே குவாலிஃபையரும் போட்டோம். பாராமீட்டருக்கு வைத்த பெயரில் அப்ளிகேஷன் நடக்கிறது என்பது பயமுறுத்தும் விஷயம். யாராவது அந்தப் பெயரை 'மெயில்சென்டர்' என்று மாற்றினால் எஸ்எம்எஸ் மெயிலாகப் போய்விடும்.

ஆட்டோ கான்ஃபிகரேஷனாக எழுதிய பொது மாட்யூல்களில் காணாமல் போவது இன்னும் அமைதியாக நடக்கும். எந்தெந்த ஆட்டோ கான்ஃபிகரேஷன் என்ற பட்டியலை முன்பு 'ஸ்பிரிங்.ஃபேக்டரீஸ்' கோப்பில் எழுதுவோம். ஸ்பிரிங் பூட் 2.7 அதற்குத் தனி 'இம்போர்ட்ஸ்' கோப்பைக் கொண்டுவந்தது, 3.0 பழைய கோப்பில் அந்தப் பகுதியைப் படிப்பதையே நிறுத்திவிட்டது. பழைய மாட்யூலை அப்படியே 3.0-வில் சேர்த்தால் எரர் எதுவும் வராது. யாரும் அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். ஆப்ஷனல் டிபென்டன்சியும் இப்படித்தான். பொது மாட்யூல் ரெடிஸ் கிளையன்ட்டை ஆப்ஷனல் என்று அறிவித்திருக்கும். அது நம் மாட்யூலுக்குத் தொடர்ந்து வராது. கிளாஸ் இல்லாததால் கண்டிஷன் தோற்கும். கேஷ் பீன் பிறக்காது. இதற்கு '--டீபக்' போட்டு ஓட்டினால் வரும் கண்டிஷன் ரிப்போர்ட்டைப் படிப்பதுதான் வழி. எது ஏன் சேர்ந்தது, எது ஏன் சேரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். நீளம் பார்த்து மிரள வேண்டாம், உங்கள் கிளாஸ் பெயரைத் தேடினால் போதும். உங்கள் பெயர் அதில் இல்லவே இல்லை என்றால் அந்த இம்போர்ட்ஸ் கோப்பு படிக்கப்படவில்லை என்று பொருள்.

ஸ்பிரிங் இல்லாமல் ஜகார்த்தா இஇ சர்வர்களில் வேலை செய்பவர்களுக்கு விதிகள் வேறு. சிடிஐ-யில் மாட்யூல் ஒவ்வொன்றும் தான் பீன்கள் உள்ள ஆர்க்கைவ் என்று தானே சொல்லிக்கொள்ளலாம், 'பீன்ஸ்.எக்ஸ்எம்எல்' கோப்பு அதற்குத்தான். ஜாரில் 'மெட்டா-இன்ஃப்' அடியில், வாரில் 'வெப்-இன்ஃப்' அடியில். அந்தக் கோப்பு காலியாக இருந்தால் எல்லா கிளாஸும் பீன் என்று 4.0-க்கு முந்தைய சிடிஐ எடுத்துக்கொண்டது. 4.0-வில், அதாவது 2022-இன் ஜகார்த்தா இஇ 10-இல், காலிக் கோப்பின் பொருள் மாறியது: ஸ்கோப் போன்ற அனோட்டேஷன் உள்ள கிளாஸ் மட்டுமே பீன். சர்வரை உயர்த்திய அன்றைக்கு 'வெல்ட்-001408' வரிசைகட்டி வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். அந்த எண் பீன் கிடைக்கவில்லை என்பதற்கு. 001409 ஒன்றுக்கு மேல் கிடைத்தன என்பதற்கு.

ஜாவாக்ஸ், ஜகார்த்தா பெயர் மாற்றமும் இங்கே காலை வாரும். பழைய மாட்யூலில் 'இன்ஜெக்ட்' ஜாவாக்ஸ் பேக்கேஜிலிருந்து வந்திருந்தால், புதிய சர்வருக்கு அது அந்நியம். அனோட்டேஷனின் கிளாஸே இல்லாவிட்டால் எரர் வருமே என்று எதிர்பார்ப்போம். வராது. ரன் நேரத்தில் கிடைக்காத அனோட்டேஷனை ஜாவா பேசாமல் விட்டுவிடும். ஃபீல்ட் 'நல்'லாகவே கிடக்கும், முதல் ரிக்வெஸ்ட்டில் நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷன் வரும். அப்போது இம்போர்ட் வரிகளைப் பாருங்கள்.

இயர் கோப்பில் மூன்று நான்கு மாட்யூல் சேர்த்துக் கட்டும் இடத்தில் கிளாஸ்லோடர் வந்து நிற்கும். இயரின் 'லிப்' ஃபோல்டரில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வாருக்குள் இருப்பது வாருக்கு மட்டும். இஜேபி ஜாரில் உள்ள கிளாஸ், வாருக்குள் இருக்கும் பீனை இன்ஜெக்ட் செய்யக் கேட்டால் கிடைக்காது, கேட்கும் திசையே தவறு. அதைவிடக் குழப்புவது, ஒரே ஜார் இயரின் லிப்பிலும் வாரின் லிப்பிலும் இருப்பது. இரண்டு கிளாஸ்லோடர் ஒரே கிளாஸைத் தனித்தனியே ஏற்றும். பிறகு 'கஸ்டமர்சர்வீஸை கஸ்டமர்சர்வீஸாக மாற்ற முடியாது' என்ற கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் வரும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், கிளாஸ்லோடர்தான் வேறு. மேவன் இயர் ப்ளகினில் 'ஸ்கின்னிவார்ஸ்' போட்டால் பொதுவான ஜார்கள் வாரிலிருந்து இயரின் லிப்புக்குப் போய்விடும். குவார்கஸ் பக்கம் போனவர்களுக்கு இன்னொரு விதி. மற்ற மாட்யூலின் பீன்களைப் பார்க்க அந்த மாட்யூலில் பீன்ஸ்.எக்ஸ்எம்எல்லோ ஜான்டெக்ஸ் இன்டெக்ஸோ இருக்க வேண்டும். யாரும் இன்ஜெக்ட் செய்யாத பீனை பில்ட் நேரத்திலேயே அது கழற்றிவிடவும் செய்யும்.

மாட்யூல்-இன்ஃபோ எழுதும் ஜாவா 9 மாட்யூல் முறையை முழுதாகப் பயன்படுத்தும் புராஜெக்ட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதினால், 'எக்ஸ்போர்ட்ஸ்' மட்டும் போதாது என்பதை மறக்காதீர்கள். ரிஃப்ளெக்‌ஷனில் பிரைவேட் ஃபீல்டைத் தொட 'ஓப்பன்ஸ்' வேண்டும்.

இரண்டு மாட்யூல் ஒன்றையொன்று கேட்கும் சுழல் பற்றி ஒரு வார்த்தை. மேவன் மாட்யூல் அளவில் சுழலை அனுமதிக்காது. அதனால் சாமர்த்தியசாலிகள் இன்டர்ஃபேஸ்களை மூன்றாவது மாட்யூலுக்கு நகர்த்தி, ரன் நேரத்தில் மட்டும் சுழல வைப்பார்கள். ஸ்பிரிங் பூட் 2.6 முதல் பீன் சுழலும் இயல்பாகத் தடை. 'லேஸி' அனோட்டேஷன் ஒட்டினால் அப்ளிகேஷன் எழும், ஒட்டியதற்கான காரணம் அப்படியே இருக்கும். கடன் சர்வீஸுக்கு வாடிக்கையாளர் சர்வீஸ் ஏன் வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஒரு மெத்தட்டுக்காக இருக்கும். அந்த மெத்தட்டை எடுத்துத் தனி கிளாஸாக்கினால் சுழல் அறுந்துவிடும்.

இவற்றை முன்கூட்டியே பிடிக்க இரண்டு டெஸ்ட் வைக்கிறோம். லைப்ரரி மாட்யூல் ஒவ்வொன்றிலும், அதன் கான்ஃபிகரேஷன் கிளாஸை மட்டும் 'அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட்ரன்னர்' வைத்து எழுப்பி, வெளியே கொடுக்கும் பீன்கள் இருக்கின்றனவா என்று கேட்கும் சின்ன டெஸ்ட். மெயின் கிளாஸ் இல்லாத மாட்யூலில் ஸ்பிரிங்பூட்டெஸ்ட் போட்டால் கான்ஃபிகரேஷனைத் தேடிக் கிடைக்காமல் விழும். அதைச் சமாளிக்க டெஸ்ட் ஃபோல்டரில் போலியாக ஒரு மெயின் கிளாஸ் வைப்பவர்கள் உண்டு. அது அகலமாக ஸ்கேன் செய்து, மாட்யூலில் விட்டுப்போனதை மறைத்துவிடும். ரன்னரில் அந்த வசதி இல்லை, அதுதான் அதன் அருமை.

இரண்டாவது, கட்டி முடித்த ஜாரையே ஓட்டிப் பார்ப்பது. 'எம்விஎன் டெஸ்ட்' ஓடுவது டார்கெட் ஃபோல்டரின் கிளாஸ்கள் மேல். ஜார் அப்போது பிறந்திருக்காது. பேக்கேஜிங் கோளாறு அதில் தெரிய வழியே இல்லை. ஆகவே சிஐ-யில் காலி ரெப்பாசிட்டரியிலிருந்து பில்ட் செய்து, அந்த ஜாரை 'ஜாவா -ஜார்' என்று ஓட்டி, ஹெல்த் யூஆர்எல் பதில் சொல்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறோம். அந்த ஓட்டத்தில் 'லேஸி-இனிஷியலைசேஷன்' கண்டிப்பாக 'ஃபால்ஸ்' ஆக இருக்க வேண்டும். சீக்கிரம் எழட்டும் என்று டெவலப்பர்கள் தங்கள் மெஷினில் அதை 'ட்ரூ' ஆக்கி வைத்திருப்பார்கள். அப்போது பீன்கள் முதல் தேவை வரும்வரை பிறப்பதில்லை, இல்லாத பீன் இல்லை என்பதும் அதுவரை தெரிவதில்லை. அந்த செட்டிங் பொது பிராப்பர்ட்டி கோப்பில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெவலப்பரின் சொந்த புரொஃபைலில் இருந்தால் போதும்.